ஏற்காட்டில் இறங்கும் சுருதி

சேலத்து ஒத்திகையில் சரியாக ஒலித்த ட்ரம்பெட், ஏற்காட்டுத் தேவாலயத்தில் கீபோர்டைவிடச் சுருதி இறங்குகிறது, உதடு வைத்து ஊதும் முனையான மவுத்பீஸை (இப்போது 7சி அளவு) மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் நண்பரே. குற்றவாளி குளிர்தான்; 1,500 மீட்டர் உயரம் அல்ல. குழலுக்குள் காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகம் குறையும். முழுதாக 10 டிகிரி குளிர்ந்தால் அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

மவுத்பீஸ் குளிராமலிருக்கச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். பாடலுக்கு முன் வால்வுகளை அழுத்தியபடி, ஒலி எழுப்பாமல், குழலுக்குள் வெதுவெதுப்பாக மூச்சு விடுங்கள். பிறகும் இறங்கினால் சுருதி சேர்க்கும் குழாயை உள்ளே தள்ளுங்கள். சேலத்து வெயிலுக்கு வெளியே இழுத்தது அப்படியே இருக்கும்.

நானும் அவசரப்பட்டு, 7சி-யைவிட அகலமான 3சி மவுத்பீஸ் வாங்கினேன். மூன்றாம் பாட்டிலேயே உதடு தளர்ந்தது, சுருதி ஏறவில்லை. இப்போது அது மேசையில் காகிதம் பறக்காமல் காக்கிறது.