திடீர்த் தலைவலியா? முதலில் சிறுநீர்க் குழாயைப் பாருங்கள்

வணக்கம். மார்பு முள்ளெலும்பின் 4ஆம் மட்டத்தில் தண்டுவடம் அடிபட்ட உங்கள் தம்பிக்குத் திடீரென மண்டையைப் பிளக்கும் தலைவலி வருவதாகவும், முகம் சிவந்து வியர்ப்பதாகவும், அப்போது இரத்த அழுத்தம் 150 இருந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். தலைவலி மாத்திரை கொடுத்து அவரைப் படுக்க வைத்துவிடாதீர்கள். மார்பு முள்ளெலும்பின் 6ஆம் மட்டத்திலோ அதற்கு மேலே கழுத்துப் பக்கமாகவோ தண்டுவடம் சேதமடைந்தவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பினால், அந்த உணர்வு மூளைக்கு எட்டாவிட்டாலும், காயத்துக்குக் கீழுள்ள நரம்புகள் இரத்தக் குழாய்களை இறுக்கிவிடும். அதைத் தளர்த்த மூளை அனுப்பும் கட்டளையோ காயத்தைத் தாண்டிப் போவதில்லை. இவர்களுடைய வழக்கமான மேல் அழுத்தமே பெரும்பாலும் 90 முதல் 110 வரைதான் என்பதால், 150 என்பது (பார்ப்பவர்களுக்குச் சுமாராகத் தோன்றினாலும்) ஆபத்தான அளவு.

அந்த நேரத்தில் அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, கால்களைத் தொங்கவிட்டு, இறுக்கமான உடைகளையும் காலுறையையும் தளர்த்துங்கள். பிறகு சிறுநீர்க் குழாய் பொருத்தியிருந்தால், அதைச் சிறுநீர் சேரும் வெளிப்பை வரை விரலால் தடவிப் பாருங்கள். தொடைக்கு அடியில் மடங்கிக் கிடப்பதுண்டு. அது சரியாக இருந்தால் மலச்சிக்கல், படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம் வரை தேட வேண்டும். காரணம் பிடிபடாவிட்டாலோ அழுத்தம் இறங்காவிட்டாலோ, தாமதிக்காமல் அவசரச் சிகிச்சைக்குக் கொண்டுசெல்லுங்கள். அவருடைய வழக்கமான அழுத்தம் எவ்வளவு என்பதை அங்கே நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.