ஒரே வருடத்தில் ஆளுநர் விருது கிடைக்குமா?

கேள்வி: என் மகன் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறான். சாரணர் படையில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர் ஒருவர், ஏற்காட்டில் மூன்று நாள் முகாம் என்கிறார். சீருடை, முகாம், சான்றிதழ் எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய் கேட்கிறார். ஒரே வருடத்தில் ஆளுநர் விருது வாங்கித் தருவாராம். அது கல்லூரி சீட்டுக்கும் ரயில்வே வேலைக்கும் உதவுமாம். பணம் கட்டலாமா? பிள்ளையை இரவு தங்க அனுப்பலாமா? (ஒரு தாய், சேலம் மாவட்டம்)

பதில்: பணம் கட்ட வேண்டாம். இந்த முகாமுக்கும் அனுப்ப வேண்டாம். ஆனால் பையனைப் படையை விட்டு எடுத்துவிடாதீர்கள். நல்ல படை ஒன்று பிள்ளைக்குத் தருவதை டியூஷன் எதுவும் தராது.

முதலில் அந்த ஒரு வருடக் கணக்கைப் பார்ப்போம். பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் பத்து வயது நிறைந்த பிள்ளை சேர்ந்ததும் குறைந்தது மூன்று மாதம் புதுமுகம். அதன் பிறகுதான் பிரவேஷ் என்ற நுழைவுத் தேர்வும் உறுதிமொழி ஏற்பும். அடுத்து சோபான் என்று சொல்லும் படிநிலைகள்: பிரதம சோபானுக்கு ஆறு மாதம், துவிதீய சோபானுக்கு ஒன்பது மாதம், திரிதீய சோபானுக்கு இன்னொரு ஒன்பது மாதம். இதற்கே 27 மாதம் போய்விடும். ஆளுநர் விருது என்று நம் ஊரில் சொல்லும் ராஜ்ய புரஸ்கார் இதற்கும் மேலே. ஒரு வருடத்தில் வாங்கித் தருகிறேன் என்பவர் பழைய தேதி போட்டுப் பதிவேட்டை நிரப்பப் போகிறார், அல்லது அச்சகத்தில் அடித்த தாளைக் கொடுக்கப் போகிறார். இரண்டிலும் பின்னாளில் சரிபார்ப்பு வரும்போது மாட்டுவது உங்கள் பிள்ளைதான். அந்த ஆளை அப்போது தேடினாலும் கிடைக்க மாட்டார்.

இப்போது பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் இரண்டு காகிதங்களைக் கேளுங்கள். ஒன்று, படையின் பதிவுச் சான்று. அதில் படையின் எண்ணும் நடப்பு ஆண்டுக்கான புதுப்பித்தலும் இருக்க வேண்டும். மற்றொன்று, படையை நடத்துபவர் சாரண ஆசிரியருக்கான ஏழு நாள் அடிப்படைப் பயிற்சியை முடித்த சான்று. கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, தயங்காதீர்கள். பதிவு புதுப்பிக்காத படையில் பிள்ளை எவ்வளவு கற்றாலும் அது கணக்கில் ஏறாது. ஏன் புதுப்பிக்காமல் விடுகிறார்கள்? பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியரோ கைத்தொழில் ஆசிரியரோதான் சாரண ஆசிரியர். ஏற்கெனவே தேர்தல் பணி, கணக்கெடுப்பு, இலவசப் பொருள் வழங்கல் என்று அவர் தலையில் ஆயிரம் வேலை. அவருக்கு மாறுதல் வந்தால் பதிவேடு பீரோவிலேயே கிடக்கும், அடுத்தவர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அமைச்சர் வருகிறார் என்றால் மட்டும் பிள்ளைகளை ஸ்கார்ஃப் கட்டி வெயிலில் வரிசையாக நிறுத்துவார்கள். மேலே இருப்பவர்களுக்குத் தலை எண்ணிக்கை வேண்டும். படை நடக்கிறதா என்று வந்து பார்க்க ஆள் இல்லை. இந்த இடைவெளியில்தான் வெளியாட்கள் உள்ளே நுழைகிறார்கள்.

நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். தனியார் பள்ளி ஒன்றில் என்.சி.சி. முகாம் என்று சொல்லி நடத்தியது போலி முகாம். அந்தப் பள்ளியில் என்.சி.சி. பிரிவே கிடையாது. மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பிறகுதான் அது வெளியே தெரிந்தது. அது என்.சி.சி., இது சாரணர் என்று ஒதுக்க முடியாது. காகிதம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் அங்கே நடந்த தவறு.

முகாம் விஷயத்துக்கு வருவோம். சேர்ந்து ஒரு மாதமே ஆன பிள்ளைக்கு இரவுத் தங்கல் தேவையே இல்லை. பிரவேஷுக்கு வேண்டியது சாரணர் சட்டம், உறுதிமொழி, வணக்கம், இடக்கைக் குலுக்கல், வழிபாட்டுப் பாடல், கொடிப் பாடல், வீட்டில் தினம் ஒரு நற்செயல் செய்து நாட்குறிப்பில் எழுதுவது, இவ்வளவுதான். வாராந்தரக் கூட்டத்திலும் உங்கள் வீட்டிலும் முடிகிற வேலை. பின்னால் முகாம் வரும்போது கட்டாயம் அனுப்புங்கள், சமைக்கவும் கூடாரம் அடிக்கவும் அங்கேதான் படிப்பான். ஆனால் பள்ளியின் கடிதத் தாளில் தேதி, இடம், வாகனம், உடன் வரும் ஆசிரியர்களின் பெயர், மாவட்டச் சாரண அலுவலகத்தின் அனுமதி எல்லாம் இருக்க வேண்டும். பெரியவர்கள் இரண்டு பேருக்குக் குறையக் கூடாது. பிள்ளைகள் தூங்கும் கூடாரத்தில் பெரியவர் படுக்கக் கூடாது. ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கும் நிலையே வரக் கூடாது. ‘முகாமில் போன் கூடாது’ என்று பிள்ளைகளிடம் வாங்கி வைப்பது சரி. பெற்றோர் மாலையில் ஒரு முறை ஆசிரியரின் போனில் பேசவும் கூடாது என்றால் அனுப்பாதீர்கள். பையன் மாத்திரை சாப்பிடுகிறவன் என்றால் பெயர், அளவு, நேரம் மூன்றையும் தாளில் எழுதி மாத்திரையோடு ஆசிரியர் கையில் கொடுங்கள். பைக்குள் வைத்து அனுப்பினால் யாரும் பார்க்க மாட்டார்கள். தப்பாக ஏதாவது நடந்ததாகப் பிள்ளை சொன்னால், பள்ளி விசாரிக்கும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே 1098-ஐ அழையுங்கள்.

படை உண்மையில் நடக்கிறதா என்று வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பிரவேஷ் முடிந்து இரண்டு, மூன்று மாதம் கழித்து, ஒரே பருமனுள்ள இரண்டு கயிற்றைக் கொடுத்து ‘ரீஃப் நாட் போடுடா’ என்று சொல்லுங்கள், இரண்டு கயிற்றை இணைக்கும் முடிச்சு அது. முதலில் வலது முனை இடது முனையின் மேல், அடுத்து இடது வலதின் மேல் போக வேண்டும். முடிந்ததும் ஒரு கயிற்றின் நுனியும் அதன் நீளப் பகுதியும் ஒட்டினாற்போல் ஒரே பக்கமாக வெளியே வரும். முடிச்சு தட்டையாகப் படுக்கும். காயத்துக்கு முக்கோணக் கட்டுப் போடும்போது உடம்பில் உறுத்தாமல் இருக்க இதைத்தான் போடுவார்கள். இரண்டு முறையும் வலதையே மேலே போட்டால் நுனிகள் குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்கும், இழுத்தால் நழுவும். பையன் சரியாகப் போட்டுவிட்டு ஏன் என்றும் சொன்னால், உங்கள் படை நல்ல கையில் இருக்கிறது.

சீருடைக்கு அவசரம் இல்லை. சாம்பல் நிறச் சட்டை, இரண்டு பாக்கெட், தோளில் துணிப்பட்டி, கருநீலக் கால்சட்டை, கருநீல பெரே தொப்பி. துணி எடுத்து உள்ளூர் தையல்காரரிடமே தைக்கலாம். வளரும் பிள்ளை என்பதால் பேன்ட் கால் மடிப்பில் மூன்று அங்குலம் விடச் சொல்லுங்கள். பேட்ஜ் எல்லாம் தைத்தே விற்கும் ‘செட்’ மட்டும் வாங்காதீர்கள். உறுப்பினர் பேட்ஜை உறுதிமொழி எடுக்கும் நாளில்தான் அணிவிப்பார்கள், சோபான் பேட்ஜ் அந்தந்தத் தேர்வு முடிந்த பிறகு.

கல்லூரி சீட்டு பற்றிச் சொன்னது பொய். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் சிறப்பு ஒதுக்கீடு விளையாட்டு வீரர், முன்னாள் படைவீரர் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகிய மூன்று பிரிவுக்குத்தான். கேரளத்தில் பத்தாம் வகுப்பில் சாரணருக்குக் கருணை மதிப்பெண் உண்டு. அந்தச் செய்தியை இங்கே காட்டிக் காசு பார்க்கிறார்கள்.

ரயில்வே வேலை மட்டும் பாதி உண்மை. அதனால்தான் பெற்றோர் ஏமாறுகிறார்கள், கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். சாரணர் ஒதுக்கீடு ரயில்வேயில் இருக்கிறது. இடங்கள் மிகக் குறைவு. ஆளுநர் விருது மட்டும் போதாது, குடியரசுத் தலைவர் விருது, அதாவது ராஷ்டிரபதி சாரணர் சான்று வேண்டும். அதோடு அண்மைக் காலத்தில் குறைந்தது ஐந்து ஆண்டு இயக்கத்தில் தொடர்ந்து செயல்பட்டதற்கான சான்று, தேசிய அளவில் இரண்டு நிகழ்ச்சி, மாநில அளவில் இரண்டு நிகழ்ச்சி. எழுத்துத் தேர்வுக்கு 60 மதிப்பெண், சான்றுகளுக்கு 40. ‘அண்மைக் காலம்’ என்ற இரண்டு வார்த்தையில்தான் பலர் விழுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்போடு சீருடையை மடித்து வைத்துவிட்டு இருபத்து மூன்று வயதில் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனால் செல்லாது. பள்ளி முடிந்ததும் திரிசாரணராக, அதாவது இளைஞர்களுக்கான சாரணர் பிரிவில், பதிந்து இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இதற்காக இன்று ஒரு ரூபாய்கூட யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை.

செலவழிக்க நினைத்தால் ஒரு நல்ல கெட்டி அட்டை நோட்டு வாங்கிக் கொடுங்கள். எந்தத் தேதியில் எதைக் கற்றான், எந்தத் தேர்வில் தேறினான் என்று அவனே எழுதட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் ஆசிரியர் கையெழுத்து. ஒவ்வொரு சோபான் முடிந்ததும் சான்றிதழை நகல் எடுத்து, படை எண்ணையும் அவனுடைய உறுப்பினர் எண்ணையும் பின்பக்கம் எழுதி வீட்டில் வையுங்கள். மே மாதம் ஆசிரியர் மாறுதலில் போனாலும் ஜூனில் புதியவரிடம் காட்ட அது கையில் இருக்கும்.