ரோபோ வந்த லைனில் ஆபரேட்டர் எதைக் கற்றுக்கொள்வது?

கேள்வி: எட்டு வருடமாக சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தைக் கடையும் மெஷின்) ஓட்டுகிறேன். வயது 34. பக்கத்து லைனில் ஜாப் (மெஷினில் கடையும் துண்டு) ஏற்றி இறக்க ரோபோ வைத்துவிட்டார்கள். மூன்று பேர் நின்ற இடத்தில் இப்போது ஒருவர்தான் நிற்கிறார். அடுத்தது எங்கள் லைன் என்று பேச்சு. ஆனால் உற்பத்தித் துறையில் ஆளே கிடைக்கவில்லை என்றும் செய்தி வருகிறது. இதில் எது உண்மை? பிஎல்சி (மெஷினின் சென்சார், சுவிட்சுகளைக் கட்டுப்படுத்தும் சிறு கம்ப்யூட்டர்) படிக்கட்டுமா, ரோபோ புரோகிராமிங் படிக்கட்டுமா, அல்லது வேறு தொழிலுக்குப் போய்விடட்டுமா?

பதில்: நீங்கள் பார்ப்பதும் உண்மை, செய்தியில் வருவதும் உண்மை. ஜாப்பை ஏற்றி பட்டனை அழுத்தும் வேலைக்கு ஆள் குறைகிறது. மெஷினை செட் பண்ணத் தெரிந்தவர், அளவு ஏன் தவறிப்போகிறது என்று சொல்லத் தெரிந்தவர், நின்ற லைனைத் திரும்ப ஓட வைப்பவர், இவர்களுக்குத்தான் ஆலைகள் அலைகின்றன. எட்டு வருடம் லேத் அருகில் நின்ற நீங்கள் இந்த இரண்டாவது பக்கத்துக்குப் போக வேண்டும். அந்தத் தூரம் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை.

முதலில் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆலைக்குள் ரோபோ வருவது இன்று தொடங்கியது இல்லை. 1961-லேயே அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் யூனிமேட் என்ற ரோபோ வேலைக்கு வந்துவிட்டது. உருக்கிய உலோகத்தை அச்சில் வார்க்கும் டை காஸ்டிங் மெஷினிலிருந்து சூடான உலோகத் துண்டுகளை எடுப்பது அதன் வேலை. மாறியிருப்பது வேகம்தான். சர்வதேச ரோபாட்டிக்ஸ் கூட்டமைப்பின் கணக்குப்படி 2023-ல் உலக ஆலைகளில் ஓடிய ரோபோக்கள் சுமார் 42.8 லட்சம். அந்த ஒரு வருடத்தில் மட்டும் 5.4 லட்சம் புதிதாக வந்தன. அதே சமயம் அனுபவசாலிகள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவை வைத்து டெலாய்ட் நிறுவனமும் அங்குள்ள மேனுஃபாக்சரிங் இன்ஸ்டிட்யூட்டும் 2024-ல் ஒரு கணிப்பு வெளியிட்டன. 2033-க்குள் உற்பத்தித் துறைக்கு 38 லட்சம் பேர் தேவைப்படலாம், அதில் 19 லட்சம் இடங்கள் நிரம்பாமலே போகலாம் என்றது அது. அந்த 38 லட்சத்தில் பெரும்பகுதி, சுமார் 28 லட்சம், ஓய்வு பெறுகிறவர்கள் விட்டுப்போகும் இடங்கள். இதைக் கவனியுங்கள். புது ஆலைகளால் வரும் தேவையை விட, தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போவதால் வரும் தேவைதான் பெரிது. அவர்களோடு போவது அவர்கள் கைப்பழக்கமும்தான்.

அந்தக் கைப்பழக்கம் என்றால் என்ன? ரோபோ ஏற்றும் லேத் ஒன்று திடீரென்று நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அலாரத்தைப் பார்த்தால் கிரிப்பர் (ரோபோவின் பிடிக்கும் கை) ஜாப்பைப் பிடிக்கவில்லை என்று காட்டும். ரோபோ ஆளைக் கூப்பிடுவார்கள். அவர் பொசிஷனை லேசாக மாற்றிவிட்டுப் போவார். அரை மணி நேரத்தில் மறுபடி நிற்கும். அப்புறம் யாராவது ஒருவர் கதவைத் திறந்து, ஜாப்பைக் கவ்விப் பிடிக்கும் 'சக்'கைப் பார்த்தால், அதன் தாடையான ஜாவுக்கும் ஜாப்புக்கும் நடுவில் நூல் மாதிரி ஒரு சிப் (வெட்டும்போது வரும் உலோகச் சுருள்) சுருண்டு கிடக்கும். அதன் மேல் ஜாப் உட்கார்ந்ததால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். இதே லேத்தை நீங்கள் ஓட்டியபோது இந்தப் பிரச்சினை வந்ததே இல்லை. ஏன்? ஒவ்வொரு தடவையும் ஜாப்பை எடுத்ததும் ஏர் கன்னால் ஜாவை ஊதிவிட்டீர்கள், தொங்கும் சிப்பைக் கொக்கியால் இழுத்துப் போட்டீர்கள். அதை ஒரு வேலையாகவே யாரும் எழுதி வைக்கவில்லை. ஆள் போனதும் அந்த வேலையும் போய்விட்டது.

இதற்குத் தீர்வு ரோபோ புரோகிராமில் இல்லை. சிப் ஏன் உடையாமல் நீளமாக வருகிறது என்று பார்க்க வேண்டும். ஃபீட் (டூல் முன்னேறும் வேகம்) குறைவாக இருக்கலாம், வெட்டும் முனையான இன்செர்ட்டில் சிப்பை உடைக்க இருக்கும் சிப் பிரேக்கர் அந்த உலோகத்துக்குப் பொருந்தாமல் இருக்கலாம். அதைச் சரி செய்தால் ரோபோ நிற்காது. டெஸ்லாவின் மாடல் 3 கார் உற்பத்தி தடுமாறிய 2018-ல், அளவுக்கு மீறி ஆட்டோமேஷன் செய்தது தன் தவறு, மனிதர்களைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று எலான் மஸ்க்கே வெளிப்படையாகச் சொன்னார். அங்கே சிக்கல் வேறு, ஆனாலும் கை செய்த வேலை என்னென்ன என்று தெரியாமல் கையை எடுத்தால் லைன் நிற்கும் என்பது எல்லா ஆலைக்கும் பொது.

சரி, உங்களுக்கு வருவோம். என் ஆலோசனை, முதலில் அளந்து பார்க்கும் கலையைக் கற்றுக்கொள்ளுங்கள். மைக்ரோமீட்டரில் அளந்து ஓகே, ரிஜெக்ட் என்று பிரிப்பதை மட்டும் சொல்லவில்லை. அளவு எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்ப்பது. 25 மில்லிமீட்டர் டயா (விட்டம்), டாலரன்ஸ் (அனுமதிக்கும் வித்தியாசம்) கூட்டல் கழித்தல் 0.02 என்று வையுங்கள். ஒவ்வொரு இருபதாவது பீஸும் 25.002, 25.005, 25.009, 25.012 என்று வருகிறது. நாலும் டிராயிங்குக்குள் இருக்கின்றன, நாலும் ஓகே. ஆனால் இன்செர்ட் தேய்கிறது என்பதை அந்த நாலும் சேர்ந்து சொல்கின்றன. வெளி டயாவில் தேய்மானம் அளவைக் கூட்டும், உள் துளையில் குறைக்கும். இதைப் பார்த்து ரிஜெக்ட் வரும் முன்பே ஆஃப்செட்டை (டூல் நிற்கும் இடத்துக்கான திருத்த எண்ணை) மாற்றுகிறவர்தான் செட்டர். அதோடு சூட்டையும் கணக்கில் எடுங்கள். அளவுக்கு உலகம் முழுக்க ஆதார வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். அதை விட 20 டிகிரி சூடாக மெஷினிலிருந்து வரும் 25 மில்லிமீட்டர் இரும்பு ஜாப், ஏறக்குறைய 6 மைக்ரான் (0.006 மில்லிமீட்டர்) பெரிதாகக் காட்டும். அதை நம்பி ஆஃப்செட்டைக் குறைத்தால், ஆறிய பிறகு ஜாப் சிறிதாகிவிடும். ரோபோ லைனில் மெஷின் இடைவிடாமல் ஓடுவதால் இந்த விஷயம் இன்னும் கூர்மையாகிறது. டிராயிங்கில் வரும் கான்சென்ட்ரிசிட்டி (மையங்கள் ஒன்றாக இருப்பது), ரன்-அவுட் (சுற்றும்போது வரும் ஆட்டம்) குறிகளையும் இதோடு சேர்த்துப் படித்துவிடுங்கள்.

அடுத்தது உங்கள் மெஷினில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம். புதிதாக எழுத வேண்டாம், வரி வரியாக வாசியுங்கள். ஜி00 வேகமாக நகர்வது, ஜி01 நேர்கோட்டில் வெட்டுவது என்று உங்களுக்கே பாதி தெரிந்திருக்கும். ஒவ்வொரு வரியிலும் டூல் எங்கே நிற்கும் என்று தாளில் வரைந்து பார்த்தால் சில வாரங்களில் பிடிபட்டுவிடும்.

பிஎல்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். லேடர் (பிஎல்சி புரோகிராமின் வரைபட மொழி) எழுதுவதில் தொடங்காதீர்கள், இன்புட் அவுட்புட் வாசிப்பதில் தொடங்குங்கள். கதவு மூடியிருக்கிறது, மெஷின் மூடவில்லை என்கிறது. சென்சாரின் தலையில் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் இடைவெளி, அழுக்கு, சென்சார் ஆகியவற்றில் ஒன்றைப் பாருங்கள். எரிகிறது, ஆனால் பிஎல்சி இன்புட் விளக்கு எரியவில்லை என்றால் நடுவில் வயரையோ கனெக்டரையோ பாருங்கள். அங்கேயும் எரிகிறது என்றால்தான் புரோகிராமைச் சந்தேகிக்க வேண்டும். இந்த மூன்று படி தெரிந்தவரை மெயின்டனன்ஸ் ஆட்கள் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். ஒன்று மட்டும் கண்டிப்பு: பேனலைத் திறப்பதும் கரன்ட்டில் கை வைப்பதும் அதற்கு அனுமதியும் பயிற்சியும் உள்ளவர் வேலை. மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, எச்சரிக்கை அட்டையும் தொங்கவிட்ட பிறகுதான் மெஷினுக்குள் யாரும் கை நீட்ட வேண்டும்.

ரோபோ கடைசி. டீச் பெண்டன்டில் (ரோபோவுக்கு வழி கற்றுத்தரும் கைக்கருவி) ரோபோ போய் நிற்கும் பாயிண்டை மாற்றுவது பழகினால் வந்துவிடும், ஏனென்றால் அதைச் சுலபமாக்கத்தான் தயாரிப்பாளர்கள் போட்டி போடுகிறார்கள். பாதுகாப்பை மட்டும் முறையாகப் பயின்றுகொள்ளுங்கள். மெதுவான மேனுவல் முறையில் ரோபோ நொடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது என்பது சர்வதேச விதி. பெண்டன்டின் பின்னால் உள்ள சுவிட்சை நடு நிலையில் பிடித்திருந்தால்தான் அது நகரும். விட்டாலும் நிற்கும், பதறி இறுக்கி அழுத்தினாலும் நிற்கும். ரோபோவை ஏன் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று புரிந்தவர் அந்த சுவிட்சை டேப் போட்டு ஒட்ட மாட்டார்.

பயிற்சி வகுப்புகள் நிறைய விளம்பரம் வருகின்றன. சேருமுன் ஒன்று மட்டும் கேளுங்கள்: பழுதை வேண்டுமென்றே வைத்து, அதை நாங்களே கண்டுபிடிக்கவிடுவீர்களா? திரையில் சிமுலேஷன் மட்டும் காட்டி சான்றிதழ் தருகிற இடத்துக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

செலவில்லாத பயிற்சி ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, மெஷின் நிற்கும் ஒவ்வொரு தடவையும் நேரம், அலாரம் எண், கண்ணால் பார்த்தது, செய்தது, எத்தனை நிமிடம் போனது என்று எழுதுங்கள். ஷிஃப்டில் பத்து தடவை, தடவைக்கு மூன்று நிமிடம் நின்றால் அரை மணி நேரம். ஒரு பீஸுக்கு ஆகும் சைக்கிள் நேரம் 90 நொடி என்றால் 20 பீஸ் போய்விட்டது. பெரிய பிரேக்டவுனை எல்லோரும் பார்க்கிறார்கள், இந்த மூன்று நிமிடங்களை யாரும் எழுதுவதில்லை. மூன்று மாதக் கணக்கோடு சூப்பர்வைசரிடம் போனால், உங்களை ஆபரேட்டராக மட்டும் பார்ப்பது அவருக்குக் கஷ்டம்.

வேறு தொழில்? மெயின்டனன்ஸ், தர ஆய்வு, வெல்டிங் எல்லாவற்றுக்கும் கிராக்கி உண்டு. பேட்டரி, செமிகண்டக்டர் ஆலைகளும் ஆள் தேடுகின்றன. ஆனால் அங்கே போனாலும் நீங்கள் எடுத்துப் போவது அளந்து பார்க்கும் திறனும் பழுது கண்டுபிடிப்பும்தான். எட்டு வருடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க அவசியம் இல்லை.

உங்கள் லைனில் ரோபோ பொருத்தும் வாரத்தில் அந்த டீமோடு நிற்க அனுமதி கேளுங்கள், லீவ் எதுவும் போடாதீர்கள். அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது இது: ஜாப் சக்கில் முழுதாக உட்கார்ந்துவிட்டது என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? காற்றழுத்தம் வைத்துப் பார்க்கும் சீட் செக் இருக்கிறது என்றால், எந்த அழுத்தத்துக்குக் கீழே போனால் அலாரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால், நீங்கள் இத்தனை நாள் ஏர் கன்னால் ஊதிய ஜாவை இனி யார் ஊதுவது என்று அடுத்ததாகக் கேளுங்கள்.