ஸ்டீரியோ படத்துல கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க்: கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அண்ணா, ஸ்டீரியோ படத்தை (இடது கண்ணுக்கு ஒண்ணு, வலது கண்ணுக்கு ஒண்ணுன்னு ரெண்டு படம் சேர்ந்த 3டி படம்) யாராவது திருடினா நம்மளோடதுன்னு காட்ட, வாட்டர்மார்க்னு ஒரு அடையாளத்தைப் படத்துக்குள்ளயே ஒளிச்சு வைக்கணுமா? ஓரத்துல பேரு எழுதிட்டா பத்தாதா?

பதில்: வெட்டி எறிஞ்சுட்டுப் போயிடுவான். அதோட ரெண்டு கண்ணுக்கும் ஒரே இடத்துல எழுத்து போட்டா அது திரை மட்டத்துல நிக்கும், முன்னாடி துருத்திட்டு வர்ற பொருள் மேல விழுந்துச்சுன்னா கண்ணு வலிக்கும்.

கேள்வி: சார், இடது வலது ரெண்டுலயும் தனித்தனியா வாட்டர்மார்க் போட்டுட்டேன், சரிதானே?

பதில்: இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. ரெண்டும் ஒரே காட்சி, அதான் திருடனுக்கு வசதி. வலது படத்தை டிஸ்பாரிட்டி அளவுக்கு (அதாவது ஒரே பொருள் ரெண்டு படத்துலயும் எவ்வளவு தள்ளி விழுதோ அந்த அளவுக்கு) நகர்த்தி இடது மேல உக்கார வச்சு சராசரி எடுத்தான்னா காட்சி அப்படியே இருக்கும், உங்க வாட்டர்மார்க் மட்டும் மங்கிடும். சரி, ரெண்டுலயும் ஒரே பிக்சல்ல ஒரே பேட்டர்ன் போடுவோம்னா அதுவும் ஆகாது, படத்தை நகர்த்தும்போது பேட்டர்னும் சேர்ந்து நகர்ந்து ஒண்ணோட ஒண்ணு பொருந்தாம போயிடும். அதனால பிக்சலைப் பாக்காதீங்க, பொருளைப் பாருங்க. இடது படத்துல ஒரு இலையோட நுனியில பிக்சலோட வெளிச்ச எண்ணுல 2 கூட்டினீங்கன்னா, வலது படத்துல அதே நுனி எங்க விழுதோ அங்கயும் 2 கூட்டணும். அப்புறம் எத்தனை சராசரி எடுத்தாலும் நிக்கும். கண்ணுக்கும் நிம்மதி, ஏன்னா ரெண்டு கண்ணுக்கும் வேற வேற இரைச்சல் போனா மூளை எதை எடுக்குறதுன்னு தெரியாம படம் மினுமினுக்கும்.

கேள்வி: நான் ஒரே படமும் டெப்த் மேப்பும்தான் (எந்தப் பொருள் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு காட்டுற படம்) கொடுப்பேன், இடது வலது அவங்களே உருவாக்கிக்குவாங்க. அப்போ?

பதில்: அதுல பிக்சல் பக்கவாட்டுல மட்டும்தான் நகரும், மேல கீழ போகாது. ஆனா வாட்டர்மார்க்கை வேவ்லெட்ல (படத்தைப் பெரிய வடிவம், நுணுக்கம்னு அடுக்கடுக்காப் பிரிக்கிற கணக்கு) ஒளிச்சா, சாதாரண வேவ்லெட் சின்ன நகர்வுக்கே தடுமாறும், டூயல் ட்ரீ காம்ப்ளெக்ஸ் வேவ்லெட்னு ஒரு வகை ஓரளவு தாங்கும்.

கேள்வி: ஒவ்வொரு பிக்சல் எண்ணோட கடைசி பிட்ல ஒளிச்சு வச்சேன், ஜேபெக் ஆக்கினதும் காணோம்!

பதில்: காணாமத்தான் போகும், ஜேபெக் படத்தைச் சுருக்கும்போது அந்த மாதிரி சின்ன மாற்றத்தை அழிச்சுடும். டிசிடியில (ஜேபெக்கே பயன்படுத்துற, படத்தை அலைகளாப் பிரிக்கிற கணக்கு) ரொம்ப நுணுக்கமும் இல்லாம ரொம்பப் பெரிசும் இல்லாத நடு அலைவரிசைக்குப் போங்க.

கேள்வி: படத்தைச் சிவப்பு-சயான் (பச்சை கலந்த நீலம்) 3டி கண்ணாடிக்கு மாத்திட்டா?

பதில்: இடது படத்துல சிவப்பு மட்டும்தான் மிஞ்சும், வலதுல பச்சையும் நீலமும். கண்ணுக்குத் தெரியாதுன்னு இடது படத்தோட நீலத்துல ஒளிச்சிருந்தா மொத்தமா போச்சு.

கேள்வி: இது இருந்தா வழக்குல ஜெயிச்சுடலாமா மேடம்?

பதில்: மேடம் இல்லைங்க, சார் :) பெர்ன் ஒப்பந்தம்ங்கிற சர்வதேச காப்பிரைட் ஒப்பந்தத்துல இருக்கிற நாடுகள்ல படம் எடுத்ததுமே காப்பிரைட் வந்துடும், வாட்டர்மார்க் துணைச் சாட்சிதான். திருடனும் மேல இன்னொண்ணு போடலாம்ல? அதனால வாட்டர்மார்க் போடாத ஒரிஜினல் ஜோடியை யாருக்கும் கொடுக்காதீங்க, வாட்டர்மார்க் போட உதவுற ரகசியச் சாவியையும் அந்த ஒரிஜினலோட ஹாஷ்ல (ஃபைலைக் கணக்குப் போட்டு எடுக்குற கைரேகை மாதிரி எண்) இருந்தே உருவாக்குங்க.