கணினி கேள்வி–பதில்: கேபிளைச் செருகியும் கடவுச்சொல் கேட்காதபோது

கேள்வி: எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்துள்ள விண்டோஸ் 11 மடிக்கணினியில் வைஃபை ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் சுவரிலுள்ள போர்ட்டில் கேபிளைச் செருகினால் இணைப்பு கிடைப்பதில்லை. சக ஊழியர்களுக்கெல்லாம் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் சிறிய பெட்டி திரையில் தோன்றுகிறது. எனக்கு மட்டும் தோன்றுவதில்லை. பழுது கேபிளிலா, போர்ட்டிலா?

பதில்: பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. அந்தப் பெட்டியை வலையமைப்பு அனுப்பி வைப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதைத் திரையில் காட்டுவது உங்கள் கணினியேதான். 2001ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியான 802.1எக்ஸ் என்ற தர விதிப்படி, கேபிளின் மறுமுனையில் இருந்து கணினிகளை வலையமைப்பில் சேர்க்கும் ஸ்விட்ச் என்ற கருவி “நீ யார்?” என்று கேட்கும், அந்தக் கேள்வியைப் புரிந்துகொண்ட கணினி, விடை தன்னிடம் இல்லையென்றால்தான் உங்களிடம் பெட்டியை நீட்டும். நீங்கள் தரும் விடையை ஸ்விட்ச் வாங்கி, ரேடியஸ் என்ற சரிபார்ப்பு சர்வரிடம் ஒப்படைக்கும். ஆகவே பெட்டி வரவில்லையென்றால், ஒன்று கேள்வி கணினியை எட்டவில்லை, அல்லது கணினி அதைக் காதில் வாங்கவில்லை, அல்லது உங்களைக் கேட்காமலே விடை சொல்லிவிட்டது.

வைஃபை வேலை செய்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் இரண்டாவது காரணத்தையே முதலில் சந்தேகிக்கிறேன். விண்டோஸில் வைஃபைக்கு ஒரு சேவையும் கேபிள்வழிச் சரிபார்ப்புக்கு வேறொரு சேவையும் தனித்தனியாக உள்ளன. பின்னதன் பெயர் ‘வயர்டு ஆட்டோகான்ஃபிக்’. புதிய கணினியில் அது ‘மேனுவல்’ என்ற நிலையில், தொடங்கப்படாமலே இருக்கும். இதை உறுதிசெய்ய ஓர் எளிய அடையாளம் உண்டு. ஈதர்நெட் இணைப்பின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ சாளரத்தைத் திறந்து பாருங்கள்: மேலே ‘நெட்வொர்க்கிங்’, ‘ஷேரிங்’ என்ற தாவல்கள் மட்டும் இருந்து, ‘ஆதென்டிகேஷன்’ என்ற தாவல் இல்லையென்றால், அந்தச் சேவை ஓடவில்லை என்று பொருள். ஸ்டார்ட் மெனுவில் ‘சர்வீசஸ்’ என்று தேடித் திறந்து, ‘வயர்டு ஆட்டோகான்ஃபிக்’ என்ற வரியை இருமுறை சொடுக்கி, ‘ஸ்டார்ட்அப் டைப்’ என்பதை ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றி, ‘ஸ்டார்ட்’ பொத்தானை அழுத்துங்கள். ப்ராப்பர்ட்டீஸ் சாளரத்தை மூடித் திறந்தால் விடுபட்ட தாவல் வந்திருக்கும். இதற்கு நிர்வாகி உரிமை வேண்டும். அது உங்களிடம் இல்லையென்றால் உங்கள் கணினிப் பிரிவினரிடம் இந்த ஒரு வரியைச் சொன்னாலே போதும்.

தாவல் வந்தும் பெட்டி வரவில்லையென்றால் மூன்றாவது காரணத்துக்கு வர வேண்டும். அந்தத் தாவலில் 802.1எக்ஸ் தேர்வு செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்த்தபின், பீப் (PEAP) என்ற சரிபார்ப்பு முறைக்குரிய ‘செட்டிங்ஸ்’ சென்று, அங்குள்ள ‘கான்ஃபிகர்’ பொத்தானை அழுத்துங்கள். விண்டோஸில் நுழையும் பெயரையும் கடவுச்சொல்லையும் தானாகவே பயன்படுத்து என்ற ஒற்றைக் கட்டம் அங்கே இருக்கும். அதில் டிக் இருந்தால், கணினி உங்களிடம் கேட்காமல் அந்தப் பெயரையே அனுப்பும். அது வலையமைப்புக்குத் தெரியாத பெயர் என்றால் இணைப்பு ஓசையின்றி மறுக்கப்படும். டிக்கை எடுத்துவிடுங்கள். கூடவே ‘அடிஷனல் செட்டிங்ஸ்’ பகுதியில் சரிபார்ப்பு வகை ‘கம்ப்யூட்டர்’ என்றிருந்தால், ‘யூசர்’ என்று மாற்றுங்கள். கணினியின் பெயரால் மட்டும் சரிபார்க்கச் சொல்லியிருந்தால், மனிதரைக் கேட்க அதற்குக் காரணமே இல்லை. நிறுவனமே இந்த அமைப்புகளை மையமாக விதித்திருந்தால் மட்டும் நீங்களாக மாற்ற வேண்டாம்.

கேள்வி: சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்கும் கட்டத்தில் டிக்கை எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர் சொன்னார். எடுத்தேன், இணைப்பும் கிடைத்தது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம், இன்றே திரும்ப வைத்துவிடுங்கள். அந்தச் சரிபார்ப்பு இல்லையென்றால், கேபிளின் மறுமுனையில் யார் ஒரு போலி சர்வரை வைத்தாலும் உங்கள் கணினி அதனிடம் விடை சொல்லிவிடும். பீப் முறைக்குள் பரவலாகப் பயன்படும் எம்எஸ்-சாப் இரண்டாம் பதிப்பு என்ற கடவுச்சொல் சரிபார்ப்பு நெறிமுறை மிகப் பழையது. அதில் பரிமாறப்படுவதைக் கைப்பற்றினால், அதை உடைப்பது டெஸ் என்ற பழைய குறியாக்க முறையின் ஒரே ஒரு சாவியை உடைப்பதற்குச் சமம் என்று 2012இலேயே காட்டிவிட்டார்கள். அதைப் பொதிந்து காப்பது சான்றிதழ்ச் சரிபார்ப்பு ஒன்றே.

உங்கள் கணினியில் உண்மையில் நடந்தது என்னவென்றால், சர்வரின் சான்றிதழ் உண்மையானதா என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும் நிறுவனத்தின் மூலச் சான்றிதழ் அதில் நிறுவப்படவில்லை; புதிய சர்வர் பற்றிப் பயனரிடம் கேட்காதே என்ற அமைப்பும் உடன் இருந்திருக்க வேண்டும். அதனால்தான் எச்சரிக்கைகூட வராமல் இணைப்பு தோற்றது. மூலச் சான்றிதழைக் கேட்டு வாங்கி நிறுவுங்கள்.

கேள்வி: விடுதி அறையில் ஒரே போர்ட்தான். இரண்டு கணினிகளுக்காகச் சிறிய ஸ்விட்ச் ஒன்றை இடையில் வைத்தேன். அன்றிலிருந்து கடவுச்சொல் பெட்டி இருவருக்கும் வருவதில்லை.

பதில்: கேள்வி கணினியை எட்டவில்லை என்று மேலே சொன்னேனே, அதற்கு இதுவே நல்ல எடுத்துக்காட்டு. சரிபார்ப்புச் செய்திகள் 01-80-சி2-00-00-03 என்ற தனி முகவரிக்கு அனுப்பப்படுகின்றன. இந்த முகவரிக்கு வருவதை அடுத்த போர்ட்டுக்குக் கடத்தக் கூடாது என்பது ஸ்விட்ச்களுக்குரிய விதி. உங்கள் சிறிய ஸ்விட்ச் விதிப்படியே நடந்து, இரு பக்கத்துப் பேச்சையும் விழுங்கிவிடுகிறது. ஸ்விட்சை எடுத்துவிட்டு ஒரு கணினியை நேரடியாக இணைத்தால் பெட்டி மீண்டும் வரும். இரண்டாவது கணினிக்கு இன்னொரு போர்ட் கேட்பதே சரியான வழி. மேசைத் தொலைபேசி வழியாகக் கணினியை இணைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பொதுவாக வருவதில்லை; அலுவலகத் தொலைபேசிகளில் பல இந்தச் செய்திகளைக் கடத்திவிடும் வகையில் செய்யப்பட்டவை.

கேள்வி: ஒருமுறை கடவுச்சொல்லைத் தவறாக அடித்துவிட்டேன். அதன்பின் பெட்டியே வரவில்லை. மதிய உணவு முடிந்து வந்தபோது தானாக வந்திருந்தது. ஏன்?

பதில்: கேபிள்வழிச் சரிபார்ப்பு தோற்றால், இயல்பாக 20 நிமிடங்களுக்கு விண்டோஸ் மறுமுயற்சி செய்யாமல் ஒதுங்கியிருக்கும். அந்த நேரத்தில் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும். கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருங்கள். தவறான கடவுச்சொல்லையே கணினி நினைவில் வைத்திருந்தால் ‘அடிஷனல் செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ரீப்ளேஸ் கிரெடென்ஷியல்ஸ்’ என்ற பொத்தான் இருக்கும். சரியானதை அங்கே பதியலாம்.

கேள்வி: நான் வலையமைப்பு நிர்வாகி. சில கணினிகளில் பெட்டி வராமலே ஐபி முகவரி கிடைக்கிறது, ஆனால் உள் சர்வர்கள் எதையும் எட்ட முடிவதில்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பதில்: அந்தக் கணினிகள் விருந்தினர் விலேனில் (VLAN, சரிபார்க்கப்படாதவர்களுக்கென ஒதுக்கிய தனி உள்வலையமைப்பு) விழுந்திருக்கின்றன என்றே தோன்றுகிறது. சிஸ்கோ ஸ்விட்ச்களில் இயல்பு அமைப்பின்படி 30 விநாடி இடைவெளியில் கேள்வி கேட்கப்பட்டு, இரண்டு மறுமுயற்சிகளும் வீணானால், ஏறத்தாழ 90 விநாடிகளில் போர்ட் மாற்று வழிக்குப் போய்விடும். கணினியின் சேவை ஓடவில்லையென்றால் முடிவு இதுதான்.

ரேடியஸ் பதிவேட்டை முதலில் பாருங்கள். அந்தக் கணினியைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் சர்வரைக் குடைவதில் பயனில்லை; ஸ்விட்சின் போர்ட் அமைப்புக்குச் செல்லுங்கள். மறுப்பு பதிவாகியிருந்தால், எந்தப் பயனர்பெயர் வந்தது என்பதைப் படியுங்கள்: அது மனிதரின் பெயரா, கணினியின் பெயரா என்பதிலேயே பாதி விடை இருக்கும். மீதியை அந்தக் கணினியின் ‘ஈவென்ட் வியூவர்’ சொல்லும். மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்ற கிளைகளுக்குள் ‘வயர்டு-ஆட்டோகான்ஃபிக்’ என்ற பதிவேடு தனியாக உள்ளது.

கேள்வி: லினக்ஸில் இந்தப் பெட்டி எங்கே வரும்?

பதில்: தானாக வராது. நெட்வொர்க்மேனேஜரில் அந்தக் கேபிள் இணைப்பின் அமைப்பைத் திறந்து, பாதுகாப்புத் தாவலில் 802.1எக்ஸ் என்பதை நீங்களே இயக்கி, முறை, பயனர்பெயர், மூலச் சான்றிதழ் மூன்றையும் பதிய வேண்டும்.