டிரிம்மில் கை வைக்கும் முன்
வாசகர் கேள்வி – பதில்: பிரஷர் டிரான்ஸ்மிட்டர் (அழுத்தத்தை அளந்து 4–20 மில்லியாம்ப் கரண்ட்டாக அனுப்பும் கருவி)

கே: புதிதாக வாங்கிய இரண்டு வயர் டிரான்ஸ்மிட்டரை நேராக பி.எல்.சி. (ஆலையை இயக்கும் கன்ட்ரோல் கணினி) கார்டின் பிளஸ், மைனஸில் கொடுத்தேன். கரண்ட்டே வரவில்லை. டிரான்ஸ்மிட்டர் பழுதா? (ராணிப்பேட்டை)

பெரும்பாலும் பழுதாக இருக்காது. சாப்பாடு போடாமல் வேலை வாங்கப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். இரண்டு வயர் டிரான்ஸ்மிட்டருக்குத் தனியாக மின்சாரம் கிடையாது. லூப்பில் (சப்ளை, டிரான்ஸ்மிட்டர், கார்டு என்று சுற்றி வரும் வயரிங்கில்) ஓடும் கரண்ட்டிலேயே அது உயிர் வாழ வேண்டும். உங்கள் கார்டு உள்ளிருந்தே 24 வோல்ட் கொடுக்கும் வகையா, வெறுமனே கரண்ட்டை வாங்கிக்கொள்ளும் வகையா என்று கார்டின் வயரிங் படத்தில் பாருங்கள். சில கார்டுகளில் இதை ஜம்பர் மாற்றியோ வேறு டெர்மினலில் கொடுத்தோ தேர்ந்தெடுக்கலாம்.

வாங்கிக்கொள்ளும் வகை என்றால் வெளியே ஒரு 24 வோல்ட் டி.சி. சப்ளை வேண்டும். சப்ளை பிளஸ்ஸிலிருந்து டிரான்ஸ்மிட்டர் பிளஸ்ஸுக்கு. டிரான்ஸ்மிட்டர் மைனஸிலிருந்து கார்டின் பிளஸ்ஸுக்கு. கார்டின் மைனஸிலிருந்து சப்ளை மைனஸுக்கு. கார்டே சப்ளை கொடுக்கும் வகையானால் வெளிச் சப்ளையைச் சேர்க்கவே கூடாது. கேபிளின் ஷீல்டைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். டிரான்ஸ்மிட்டர் பக்கத்து முனையை வெட்டி டேப் சுற்றி விடுங்கள். இரண்டு பக்கமும் எர்த் செய்தால் ஷீல்டிலேயே கரண்ட் ஓடி, ரீடிங் ஆடத் தொடங்கும்.

கே: நன்றாக ஓடிக்கொண்டிருந்த லூப்பில் ஒரு ரெக்கார்டரைச் சேர்த்தோம். அன்றிலிருந்து 15 மில்லியாம்பைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. கீழ்ப்பக்க ரீடிங் எல்லாம் சரியாக இருக்கிறது. ஸ்பானை (முழு அழுத்தத்துக்கு 20 மில்லியாம்ப் வரவைக்கும் அமைப்பை) திருத்தலாமா? சப்ளை 24 வோல்ட், ஸீனர் பேரியர் (தீப்பிடிக்கும் அபாயமுள்ள இடத்துக்கு அதிக மின்சாரம் போகாமல் தடுப்பது) 300 ஓம், கார்டு 250 ஓம், ரெக்கார்டர் 250 ஓம், கேபிள் சுமார் 20 ஓம். டிரான்ஸ்மிட்டருக்குக் குறைந்தது 12 வோல்ட் வேண்டுமாம். (மணலி)

ஸ்பானைத் தொடாதீர்கள். விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. 24-இல் 12 வோல்ட்டை டிரான்ஸ்மிட்டர் எடுத்துக்கொண்டால் மற்ற எல்லாவற்றுக்கும் மிச்சம் 12 வோல்ட். மொத்த ரெசிஸ்டன்ஸ் 820 ஓம். 12-ஐ 820-ஆல் வகுத்தால் 14.6 மில்லியாம்ப். அதற்கு மேல் தள்ள டிரான்ஸ்மிட்டரிடம் வோல்ட்டேஜ் இல்லை. கீழே சரியாகவும் மேலே முட்டிக்கொண்டும் நின்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். 15 மில்லியாம்ப் ஓடும்போது டிரான்ஸ்மிட்டர் டெர்மினலில் வோல்ட்டேஜ் அளந்தாலே தெரிந்துவிடும்.

இன்னொன்று: ரெக்கார்டர் வருவதற்கு முன்பே இந்த லூப் விளிம்பில்தான் நின்றிருக்கிறது. 570 ஓமுக்கு 21 மில்லியாம்ப்தான் உச்சம். சென்சார் பழுதானால் 21-க்கு மேல் ஏற்றிக் காட்டும்படி அலாரம் வைத்திருந்தால், அது வராமலே போயிருக்கலாம்.

சப்ளையை 28-க்கு ஏற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம், ஸீனர் கரண்ட்டை எர்த்துக்கு இழுத்து, பேரியரின் உள் ஃபியூஸ் போய்விடும். பெரும்பாலும் அந்த ஃபியூஸை மாற்ற முடியாது, பேரியரையே மாற்ற வேண்டும். ரெக்கார்டரின் 250 ஓமைக் கழற்றிவிட்டு, 1–5 வோல்ட் இன்புட்டாக கார்டின் டெர்மினலுக்கு இணையாகக் கொடுங்கள். இரண்டுக்கும் எர்த் பொதுவாக இருந்து ரீடிங் குழம்பினால், இடையில் ஒரு சிக்னல் ஐசொலேட்டர் போடுங்கள்.

கே: 0–10 கிலோ (சதுர செ.மீ.க்கு) டிரான்ஸ்மிட்டரை நாங்களே காலிப்ரேட் செய்ய வேண்டும். ஸீரோ, ஸ்பான் இரண்டையும் சரிசெய்தால் போதும் என்கிறார் சீனியர். (மேட்டூர்)

பழைய அனலாக் மாடலுக்கு அது போதும். ஹார்ட் (HART: அதே வயரில் டிஜிட்டல் சிக்னலும் அனுப்பும்) வகைக்குப் போதாது.

கழற்றும் முன் அந்த லூப்பை மேனுவலில் போட்டு, டிரிப் (ஆலையைத் தானாக நிறுத்தும் அமைப்பு) இருந்தால் முறைப்படி பைபாஸ் வாங்குங்கள். வால்வை மூடி, அழுத்தத்தை வெளியேற்றிய பிறகு ஹேண்ட் பம்பையும் ரெஃபரன்ஸ் கேஜையும் இணையுங்கள். ரெஃபரன்ஸ் உங்கள் டாலரன்ஸைவிட (அனுமதிக்கும் பிழையைவிட) நான்கு மடங்காவது துல்லியமாக இருக்க வேண்டும். மில்லியாம்ப் மீட்டருக்கும் இதே விதிதான். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். டாலரன்ஸ் 0.25 சதவீதம் என்றால், 4-லிருந்து 20 வரையான 16-இல் அது 0.04 மில்லியாம்ப். 0.2 சதவீதத் துல்லியமுள்ள சாதாரண கைமீட்டர் 20 மில்லியாம்பில் தானே 0.04 தவறலாம். பிறகு எதை எதால் அளக்கிறோம்?

முழு அழுத்தம் வரை இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்குங்கள். கசிவு பார்க்கும்போது, காற்றை அழுத்திய சூடு தணியும் வரை கேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஓரிரு நிமிடம் பொறுத்த பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால்தான் கசிவு.

பிறகு 0, 2.5, 5, 7.5, 10 கிலோ. வர வேண்டியது 4, 8, 12, 16, 20 மில்லியாம்ப். ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை. ஏறுகையில் 5-ஐத் தாண்டி 5.1 போய்விட்டால் அப்படியே 5-க்குக் குறைக்காதீர்கள். நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள், இல்லாவிட்டால் ஹிஸ்டரிசிஸ் (ஏறும்போதும் இறங்கும்போதும் வரும் ரீடிங் வித்தியாசம்) கணக்கு கெடும். 5 கிலோவில் 12.05 வந்தால் பிழை 0.05 ÷ 16, அதாவது 0.31 சதவீதம். எல்லாப் புள்ளியும் டாலரன்ஸுக்குள் இருந்தால் எழுதிவைத்துவிட்டு மூடிவிடுங்கள். அழகுக்காக டிரிம் (நுண்திருத்தம்) செய்ய வேண்டியதில்லை.

வெளியே போயிருந்தால் மூன்று எண்களை ஒப்பிடுங்கள்: ரெஃபரன்ஸ் கேஜ், கம்யூனிகேட்டர் (ஹார்ட் டிரான்ஸ்மிட்டரோடு பேசும் கைக்கருவி) காட்டும் அழுத்தம், மீட்டர் காட்டும் மில்லியாம்ப். முதல் இரண்டும் பொருந்தவில்லை என்றால் சென்சார் டிரிம். கீழ்ப்புள்ளி முதலில், மேல்புள்ளி பிறகு. அழுத்தம் சரி, மில்லியாம்ப் தவறு என்றால் அவுட்புட் டிரிம். இரண்டும் சரியாக இருந்து திரையில் மட்டும் தவறு என்றால் பி.எல்.சி. ஸ்கேலிங் (மில்லியாம்பை அழுத்தமாக மாற்றும் கணக்கு). 4, 20-க்கான ரேஞ்ச் எண்களை 0.03, 10.02 என்று மாற்றி ரீடிங்கை வரவழைப்பது காலிப்ரேஷன் ஆகாது. அடுத்து வருபவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். டிரிம் செய்தால் ஐந்து புள்ளியையும் மறுபடி எடுங்கள்.

அப்சல்யூட் (வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து அளக்கும்) டிரான்ஸ்மிட்டரைத் திறந்த காற்றில் வைத்து ஸீரோ டிரிம் கொடுக்காதீர்கள். அங்கே இருப்பது பூஜ்யம் அல்ல, ஏறக்குறைய 1 பார். ஆக்சிஜன் லைன் டிரான்ஸ்மிட்டருக்கு எண்ணெய் பம்ப் கூடவே கூடாது. மிஞ்சிய எண்ணெய் ஆக்சிஜனில் தீப்பிடிக்கும்.

கே: டேபிளில் மிகச் சரியாக இருந்த டிரான்ஸ்மிட்டர், பாய்லரில் மாட்டியதும் 0.3 கிலோ கூடுதலாகக் காட்டுகிறது. (ஈரோடு)

டேப்பிங்கிலிருந்து (பாய்லரில் அழுத்தம் எடுக்கும் இடத்திலிருந்து) டிரான்ஸ்மிட்டர் சுமார் 3 மீட்டர் கீழே இருக்கிறதா? இம்பல்ஸ் லைனில் (அங்கிருந்து அழுத்தத்தைக் கொண்டுவரும் சிறு குழாயில்) நிற்கும் தண்ணீரின் எடை அது. மீட்டருக்கு 0.1 கிலோ. ரேஞ்சை 0.3 – 16.3 என்று வைத்தால் (உங்களுடையது 0–16 என்றால்) கணக்கு நேராகும். இந்த இடத்தில் மட்டும் ரேஞ்ச் மாற்றுவதுதான் முறை.

அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு வால்வைத் திறந்துவிடாதீர்கள். 10 பார் ஸ்டீமின் வெப்பம் ஏறக்குறைய 184 டிகிரி. எண்ணெய் நிரப்பிய சென்சார்களில் பல 120 டிகிரிக்கு மேல் தாங்காது. லைனில் தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

கே: கேபிளின் இன்சுலேஷனை 500 வோல்ட் மெக்கரில் பார்க்கலாமா? (கடலூர்)

இரண்டு முனையையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். டிரான்ஸ்மிட்டரோ கார்டோ இணைப்பில் இருக்கக் கூடாது.

கே: மழை பெய்தால் ரீடிங் ஏறுகிறது, வெயில் வந்தால் இறங்குகிறது. கம்யூனிகேட்டர் 12.00 என்கிறது, மீட்டர் 12.6 காட்டுகிறது. அவுட்புட் டிரிம் செய்தும் நிற்கவில்லை. (தூத்துக்குடி)

டெர்மினல் பக்கத்து மூடியைத் திறந்து பாருங்கள், தண்ணீரோ பச்சைக் களிம்போ இருக்கும். பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையே ஈரத்தின் வழியாக ஓடும் 0.6 மில்லியாம்ப் டிரான்ஸ்மிட்டருக்குத் தெரியாது, கார்டுக்குத் தெரியும். நன்றாகக் காயவைத்து, மூடியின் ஓ-ரிங்கை மாற்றுங்கள். கேபிளின் வெளி விட்டத்துக்குப் பொருந்தும் கிளாண்ட் போட்டு, கேபிள் கீழே தொங்கி வளைந்து மேலேறும்படி விடுங்கள். பயன்படாத இன்னொரு துளையில் கம்பெனியிலிருந்து வந்த பிளாஸ்டிக் மூடியே இருக்கிறதா என்றும் பாருங்கள். அது லாரியில் வரும் வரைக்கும்தான், அங்கே உலோக பிளக் வேண்டும். எல்லாம் காய்ந்த பிறகு, நீங்கள் செய்த அவுட்புட் டிரிம்மை 4-இலும் 20-இலும் மறுபடி சரிபாருங்கள். ஈரத்தை வைத்துக்கொண்டு திருத்தியது இப்போது தவறாக நிற்கும்.