எந்த இதழுக்குப் பின் எந்த இதழ்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வளைகுடாவில் பணிபுரியும் என் அத்தான் சென்ற விடுமுறைக்கு வந்தபோது ஒரு பெட்டி நிறைய ஆங்கில காமிக்ஸ் இதழ்களை எனக்குத் தந்துவிட்டுச் சென்றார். மார்வெல் நிறுவனத்தின் ‘சிவில் வார்’ ஏழு இதழ்களும், ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 532 முதல் 538 வரையிலான இதழ்களும், ‘ஃப்ரண்ட் லைன்’ தொடரும், சில ‘வுல்வரின்’ இதழ்களும் அதில் உள்ளன. இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களோ நூறு இதழ்களை வரிசைப்படுத்துகின்றன. கையில் இருப்பதை எப்படிப் படிப்பது?
— ஒரு வாசகர், தக்கலை

பதில்: பட்டியலை முதலில் மூடி வைத்துவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கி 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடிந்த ‘சிவில் வார்’ கதையை மார்க் மில்லர் எழுத, ஸ்டீவ் மக்னிவன் வரைந்தார். அந்த ஏழு இதழ்களே மையக்கதை. மற்றவை எல்லாம், உங்கள் ஊர்ப் பக்கம் ஓடும் புத்தனாறு சானலிலிருந்து வயல்களுக்குப் பிரியும் மடைகளைப் போல, அதிலிருந்து பிரிந்தவை. எல்லா மடையிலும் இறங்கிப் பார்த்துக்கொண்டே சென்றால் சானல் எங்கே போகிறது என்பதே மறந்துபோகும்.

ஆனால், ஒரு மடையை மட்டும் விட்டுவிட முடியாது. ஸ்டாம்ஃபோர்டு நகரில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழக்கும் வெடிவிபத்துக்குப் பின், முகமூடி அணிந்தோர் அனைவரும் அரசிடம் தம் உண்மைப் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற சட்டம் வருகிறது. அயர்ன் மேன் அதை ஆதரிக்கிறார், கேப்டன் அமெரிக்கா எதிர்க்கிறார். இருவருக்கும் நடுவே அலைக்கழிபவர் ஸ்பைடர்மேன்தான். இரண்டாம் இதழின் கடைசிப் பக்கத்தில் அவர் செய்யும் காரியத்தையும், பின்னர் அவர் மனம் மாறுவதையும் மையக்கதை காட்டுகிறதே தவிர, அவர் வீட்டுக்குள் நடந்ததைப் போதிய அளவு சொல்லவில்லை. ஜே. மைக்கேல் ஸ்டிராசின்ஸ்கி எழுதிய ஸ்பைடர்மேன் இதழ்களில்தான் அது இருக்கிறது.

ஆகவே, ‘சிவில் வார்’ முதல் இரண்டு இதழ்களுக்குப் பின் ஸ்பைடர்மேன் 532, 533 ஆகியவற்றைப் படியுங்கள். மூன்றாம் இதழுக்குப் பின் 534, நான்காவதற்குப் பின் 535, ஐந்தாவதற்குப் பின் 536, 537 என்று சென்று, ஆறையும் ஏழையும் இடைவெளியின்றி முடித்த பிறகு 538ஐ எடுங்கள். 532ஆம் இதழ் நீங்கள் ஏற்கெனவே பார்த்த காட்சிக்குச் சற்று முன்பிருந்து தொடங்குவதால், பின்னோக்கிப் போகிறோமோ என்ற ஐயம் எழும்; அது அச்சுப் பிழையன்று.

பென் யூரிக், சாலி ஃபிளாய்டு என்ற இரு செய்தியாளர்களின் வழியாகச் செல்லும் ‘ஃப்ரண்ட் லைன்’ பதினோரு இதழ்களையும் பிறகு ஒரே மூச்சில் படிக்கலாம். என்னைக் கேட்டால், மையக்கதையைவிட அதிலுள்ள சில பகுதிகளே நெஞ்சில் நிற்கின்றன. வுல்வரின், வெடிவிபத்துக்குக் காரணமான நைட்ரோவைத் தேடிச் செல்லும் தனிவழிக் கதை. எப்போது படித்தாலும் கெடுதல் இல்லை. மேற்கொண்டு ஒன்றே ஒன்று வாங்குவதென்றால், ஏழாம் இதழுக்குப் பின் வெளிவந்த ‘கேப்டன் அமெரிக்கா’ 25ஐ வாங்குங்கள். அதில் நடப்பதை உங்கள் அத்தான் முன்பே சொல்லியிருக்காவிட்டால், நானும் சொல்லப் போவதில்லை.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் 2016இல் வந்த ‘சிவில் வார்’ திரைப்படத்தைப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு நூலை வாங்கித் தந்தால், தெரிந்த கதையையே மறுபடியும் படிப்பதாக இருக்குமா?
— ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: இருக்காது. படத்தில் 117 நாடுகள் சேர்ந்து ஏற்படுத்தும் ஒப்பந்தமும், பக்கி பார்ன்ஸ் என்ற பழைய நண்பரும் சண்டைக்குக் காரணம். நூலில் உண்மைப் பெயரை மறைக்கும் உரிமையே காரணம். ஏழு இதழ்களும் ஒரே தொகுப்பாகக் கிடைக்கும், அதுவே போதும். முதல் இதழில் பள்ளிக் குழந்தைகள் இறக்கிறார்கள் என்பதால், கொடுக்கும் முன் நீங்கள் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

கேள்வி: கதையில் சம்பவங்கள் நடந்த வரிசையில் படிப்பதா, இதழ்கள் வெளியான வரிசையில் படிப்பதா? நண்பர்களுக்குள் வாக்குவாதம் ஓயவில்லை.
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: முதல் வாசிப்பு என்றால், வெளியான வரிசையே. இதற்கு 1984இல் தொடங்கிய ‘சீக்ரெட் வார்ஸ்’ பன்னிரண்டு இதழ்களைவிட நல்ல சான்று இல்லை. ஏப்ரல் மாத இதழ்களில் வீரர்கள் வேற்றுலகப் போருக்கு அழைத்துச் செல்லப்படுகிறார்கள். அந்தப் போரைச் சொல்லும் முதல் இதழ் மே மாதத் தேதியிட்டு வந்தபோதே, அவரவர் சொந்த இதழ்களில் அவர்கள் திரும்பிவிட்டார்கள். ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 252இல் ஸ்பைடர்மேன் கறுப்பு உடையோடு வந்து நிற்கிறார். ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ அணியில் திங் இருந்த இடத்தில் ஷீ-ஹல்க் இருக்கிறார். ஏன் என்று வாசகர்களுக்குத் தெரியாது.

அந்த உடை உயிருள்ள ஒன்று என்பது நவம்பர் தேதியிட்ட ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 258ஆம் இதழில் வெளிப்பட்டது. அது எப்படி அவரிடம் வந்தது என்பதோ டிசம்பர் தேதியிட்ட ‘சீக்ரெட் வார்ஸ்’ எட்டாம் இதழில்தான் சொல்லப்பட்டது. நடந்த வரிசை என்று சொல்லி 251க்குப் பின் பன்னிரண்டு இதழ்களையும் முடித்துவிட்டு 252க்கு வருபவருக்கு, அன்றைய வாசகர்கள் மாதக்கணக்கில் சுமந்த புதிர் ஒன்றுகூட மிஞ்சாது. உங்கள் நண்பர்கள் சொல்லும் வரிசையை இரண்டாம் வாசிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். திங் ஏன் திரும்பவில்லை என்பதைச் சரிபார்க்க அப்போது அது உதவும்.